வேகத்திற்கும் வேலி உண்டு



கார் பந்தயம் என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? காதைப் பிளக்கும் ஓசை, கோடிக்கணக்கில் பணம், வெற்றி மேடை, தொலைக்காட்சியில் முகம் காட்டும் வெளிநாட்டு வீரர்கள்... இவைதாமே? நம் வீட்டிற்கும் அதற்கும் ஏழு கடல் தூரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால், திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊரில் பந்தயத்தடம் ஒன்று இருக்கிறது. அங்கே கார் ஓட்டுவோரில் பலர், வார நாட்களில் கடை நடத்துபவர்கள், அலுவலகம் செல்பவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களுக்கு மட்டுமே அவர்கள் பந்தய வீரர்கள். திங்கட்கிழமை காலையில் மீண்டும் கல்லாப் பெட்டியின் முன்னாலோ, கணிப்பொறியின் முன்னாலோ அமர்ந்துவிடுவார்கள்.

இத்தகைய பொழுதுபோக்குப் பந்தயக் குழு ஒன்றின் மூன்று நாள் வாழ்க்கையைத்தான் இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பதினெட்டு வயதில் ஒரு மகன் இருக்கலாம். அவனிடம் ஒரு பைக் இருக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் அவன் இன்னும் வீடு திரும்பாமலும் இருக்கலாம்.

விமான ஓடுதளத்தில் தொடங்கிய கதை

சென்னைக்கு இந்த விளையாட்டு புதியதன்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ஆம் ஆண்டில் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பயனற்றுக் கிடந்தது. அங்குதான் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'சோழவரம் ரேஸ்' என்றதும் அவர்கள் முகம் மலரும். பின்னர் 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். கோயம்புத்தூரும் இத்துறையில் பின்தங்கியதில்லை. 1988இல் மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கி, நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கும் வாயில் திறந்துவிட்ட கரிவர்தன் அவ்வூர்க்காரர். 1995இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவை மண்ணின் மைந்தரே.

நம் சமுதாயத்துப் பெயரும் இப்பட்டியலில் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர்.ஏ. அப்துல்லாஹ் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பெயர் பெற்றவர். அவருடைய மகள் அலிஷா அப்துல்லாஹ், தந்தையின் ஊக்கத்தால் சிறு வயதிலேயே 'கோ-கார்ட்' எனப்படும் சிறுவண்டியை ஓட்டத் தொடங்கி, பின்னர் பைக், கார் இரண்டிலும் ஆண்களோடு போட்டியிட்டு நாடறிந்த வீராங்கனையானார்.

வியாழன் இரவு: பட்டறையில்

பந்தயம் வெள்ளியன்று தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது வியாழன் இரவே பட்டறையில் தொடங்கிவிடுகிறது. ஒரு சிறு குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்கிறீர்கள்? ஓட்டுநர் ஒருவர், மெக்கானிக் ஒருவரோ இருவரோ, கூலி பெறாத நண்பர்கள் இருவர், தம்பியோ மச்சானோ ஒருவர். அவ்வளவுதான். காரும் புதிதன்று. நம் தெருவில் நிற்கும் சாதாரணக் காரைப் போன்றதே. உள்ளே மட்டும் பின் இருக்கை இராது, விரிப்பு இராது, ஏ.சி. இராது. அவற்றிற்குப் பதிலாக, கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதபடி இரும்புக் குழாய்களால் கூண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும்.

காரை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு நட்டையும் ஸ்பானர் வைத்துச் சோதிக்கிறார்கள். முடுக்கிய நட்டின் மீது பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைக்கிறார்கள். அந்தக் கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறகு மூட்டை கட்டும் படலம். மாற்று டயர்கள், பிரேக் பேடுகள், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் குழாய், எஞ்சின் ஆயில், ஜாக்கி, தீயணைப்பான், கை விளக்கு, ஒட்டும் நாடா எனப் பட்டியல் நீள்கிறது. கல்யாண வீட்டில் சமையற்காரர் சொல்லும் மளிகைப் பட்டியலையும் மிஞ்சிவிடும் பட்டியல் அது! உப்பை மறந்தால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். அங்கோ, பத்து ரூபாய் வாஷர் ஒன்றை மறந்தால் மூன்று நாளும் வீண். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். எதிரணிக் கொட்டகைக்குச் சென்று, "அண்ணே, ஒரு வாஷர் இருக்குமா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்பவர் அங்கு அரிது. தடத்தில் அரை அங்குல இடம் விட்டுக் கொடுக்காதவர், கொட்டகையில் தம் ஜாக்கியையே கடன் கொடுப்பார்.

வெள்ளி: சோதனை நாள்

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைச் சோதிப்பவர்கள் வருகிறார்கள். இவர்கள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. கூண்டின் பற்றவைப்பு சரியா? இருக்கைப் பட்டையின் காலக்கெடு முடிந்துவிட்டதா? ஆம், சகோதரிகளே! மருந்துக்குக் காலக்கெடு இருப்பது போல அந்தப் பட்டைக்கும் உண்டு. அறுந்து போகாமல் புதிதாகத் தோன்றினாலும், தேதி கடந்துவிட்டால் அது குப்பைக்குத்தான். தலைக்கவசத்தின் உட்புற முத்திரையைப் பார்க்கிறார்கள். தீப்பிடிக்காத துணியால் தைத்த உடுப்பைப் பார்க்கிறார்கள். வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை வேலை செய்கிறதா என்று திருகிப் பார்க்கிறார்கள். எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகினாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டுநரிடம் போட்டி உரிமமும் மருத்துவச் சான்றும் இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அவர் எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளையாயினும் கார் தடத்தில் இறங்காது.

இதன்பின் பயிற்சி ஓட்டம். அட்டவணையைக் கையில் வாங்கியவுடன், ஜுமுஆத் தொழுகைக்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப மெக்கானிக்கிடம் முன்னரே சொல்லி வைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சியின் நோக்கம் வேகமாக ஓடுவது என்று நீங்கள் நினைக்கலாம். கூர்ந்து கவனித்தால் அது கணக்குப் பாடம். டயரை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த டயரில் அடைத்த காற்று, நாலைந்து சுற்று ஓடியதும் சூடேறி விரிகிறது, அழுத்தம் உயர்கிறது. ஓடி முடிக்கையில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டுமோ, அதைக் கணக்கிட்டுத் தொடக்கத்தில் குறைத்து அடைக்க வேண்டும். கார் உள்ளே வந்த மறுநொடியே மெக்கானிக் அழுத்தமானியுடன் ஓடுவது இதற்காகத்தான். ஆறவிட்டால் கணக்கு தவறிவிடும். பெட்ரோலும் அவ்வாறே. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடை. இருபது லிட்டர் வீணாகச் சுமந்தால் பதினைந்து கிலோ வீண் சுமை. குறைத்து ஊற்றினாலோ கடைசிச் சுற்றில் கார் நின்றுவிடும். சேரவும் கூடாது, குறையவும் கூடாது. குடும்பச் செலவுக் கணக்குப் போடும் நம் இல்லத்தரசிகளுக்கு இந்தக் கலை புதியதா என்ன?

சனி: ஒரு நொடியின் விலை

சனிக்கிழமை, யார் எந்த வரிசையில் நிற்பது என்பதை முடிவு செய்யும் ஓட்டம். சிறிது நேரத்திற்குள் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற மிக விரைவான சுற்றை ஓடிக் காட்ட வேண்டும்.

ஒரு சிறிய கணக்கு. 3.717 கிலோமீட்டர் கொண்ட சுற்றை ஒருவர் இரண்டு நிமிடத்தில் முடித்தால், அவருடைய சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு நொடியில் கார் 31 மீட்டர் கடந்துவிடும். எனவே சுற்றுக்கு ஒரு நொடி பிந்துபவர், பத்துச் சுற்று முடிவில் 300 மீட்டருக்கும் மேல் பின்னால் நிற்பார். இதனால்தான் அரை நொடிக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

அந்த அரை நொடி எங்கே கிடைக்கிறது தெரியுமா? நேர்ப்பாதையில் மிதிப்பதில் இல்லை. அதை யாரும் செய்யலாம். வளைவுக்கு முன் சரியான இடத்தில் பிரேக்கை மிதிப்பதில்தான் இருக்கிறது. வளைவுக்குள் மிகையான வேகத்தில் நுழைபவரின் கார் அகன்று ஓடுகிறது. வெளியேறுகையில் வேகம் பிடிக்க முடியாமல் திணறுகிறது. நிதானமாக நுழைந்தவர் அவரை நேர்ப்பாதையில் தாண்டிச் செல்கிறார். எங்கே வேகத்தைக் குறைப்பது என்று அறிந்தவரே அங்கு விரைவானவர்.

சென்னை வெயில் வேறு! மேல் முதல் கால் வரை தடித்த உடுப்பு, முகத்தை மூடும் துணி, அதன் மேல் தலைக்கவசம், கையுறை, அடைபட்ட கார், முன்னால் கொதிக்கும் எஞ்சின். கார் கொட்டகைக்குத் திரும்பியதும் ஓட்டுநருக்கு முதலில் வேண்டுவது பாராட்டன்று. தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்தான். அதைக் கலக்கித் தயாராக வைத்திருப்பவர் அவர் தங்கையாகவோ மனைவியாகவோ இருக்கலாம். சுற்று நேரங்களைக் குறிப்பதும், அடுத்த சுற்றில் ஓட்டுநர் பார்க்கும்படி பலகை காட்டுவதும், எல்லோருக்கும் சோறு போடுவதும் பெரும்பாலும் குடும்பத்தாரின் வேலையே. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை டயர் மேல் அமர்ந்து பிரித்து உண்ணும் அந்தச் சனிக்கிழமை மதியத்திற்கு ஈடாக, எந்த நட்சத்திர ஓட்டல் விருந்தையும் அவர்கள் சொல்வதில்லை.

ஞாயிறு: கொடிகளின் மொழி

ஞாயிறு காலையில் ஓட்டுநர்களையெல்லாம் கூட்டி நடுவர் பேசுகிறார். அதற்கு வராதவருக்குத் தண்டனை உண்டு. பேச்சின் பெரும்பகுதி கொடிகளைப் பற்றியதே. மஞ்சள் கொடி காட்டினால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், எவரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயமே நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் பின்னால் விரைவான கார் வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடத்தில் எண்ணெயோ நீரோ இருக்கிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் தெரிந்தால் உன் காரில் ஏதோ பழுது. உடனே உள்ளே வா என்று பொருள்.

இக்கொடிகளை ஏந்தி வெயிலில் நாள் முழுதும் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் தொண்டர்கள். அவர்களுக்குக் கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை. கார் புரண்டால் முதலில் ஓடி வருபவர்கள் அவர்களே. மஞ்சள் கொடியின்போது முந்துபவர் வென்றாலும் அந்த வெற்றி செல்லாது. மஞ்சள் கொடிக்குப் பின்னால் ஒரு தொண்டர் தடத்தில் இறங்கி நிற்கக்கூடும்; அவரும் ஒரு தாய்க்கு மகனல்லவா?

விளக்கு அணைகிறது. இருபது கார்கள் ஒரே வளைவை நோக்கிப் பாய்கின்றன. இப்போது உங்கள் பார்வையைத் தடத்திலிருந்து திருப்பி, கொட்டகையின் சுவரோரம் நிற்கும் உம்மாவின் பக்கம் செலுத்துங்கள். மகனின் கார் கண் முன்னே கடந்து போகிறது. அவர் உதடு அசைகிறது, துஆ ஓதுகிறார். இரண்டு நிமிடம் கழிந்து கார் மீண்டும் வர வேண்டும். வருகிறது. மூச்சு விடுகிறார். மறுபடியும் இரண்டு நிமிடம். ஒரு சுற்றில் கார் வரவில்லை. மற்ற கார்கள் வந்துவிட்டன. இது மட்டும் வரவில்லை. அந்த நிமிடத்தின் நீளத்தை எந்தக் கடிகாரமும் அளக்காது. பிறகு செய்தி வருகிறது: ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது, காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தம்பி நலமாக நிற்கிறார். நூறு ரூபாய்க் குழாய்! மூன்று மாத உழைப்பு முடிந்தது. மெக்கானிக்கின் கண் கலங்குகிறது. உம்மா மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்.

ஓடி முடித்த கார்களும் உடனே வீடு திரும்ப இயலாது. பூட்டிய இடத்தில் நிறுத்தப்படுகின்றன. சொந்தக்காரரும் தொடக் கூடாது. எடை பார்க்கிறார்கள், ஐயம் எழுந்தால் எஞ்சினையே பிரிக்கிறார்கள். விதி மீறியது தெரிந்தால், கையில் வாங்கிய கோப்பையைத் திருப்பித் தர வேண்டியதுதான்.

மறைக்கக் கூடாத உண்மை

இத்தனை காவல் இருந்தும் ஆபத்து அறவே நீங்குவதில்லை. இதை மறைத்து எழுதினால் உங்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 2023 ஜனவரி 8ஆம் நாள் இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், 59 வயதான அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவர் கார்கள் மோதிக்கொண்டதில் உயிரிழந்தார். அன்றைய எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் அங்கே பைக் பந்தயத்தில் விழுந்து மாண்டான். கூண்டும் கவசமும் மருத்துவ ஊர்தியும் இருந்த இடத்திலேயே இப்படி நேர்ந்தது.

அப்படியானால், கவசமும் கொடியும் மருத்துவரும் இல்லாத சாலையில் என்ன நேரும்? சிந்தித்துப் பாருங்கள். பந்தயத்தடத்தில் எதிரே வண்டி வராது. குறுக்கே மாடு வராது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வராது. நம் பிள்ளைகள் நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் பைக்கில் பறக்கிறார்களே, அங்கே இவையெல்லாம் வரும். வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இது இயற்கையின் விதி. எவருடைய வாலிபத்திற்கும் அது இரங்குவதில்லை. தடத்தில் ஓடுபவர், ஆபத்தை அறிந்து தாமே அதை ஏற்றவர். சாலையோரம் இட்லிக் கடை வைத்திருக்கும் மூதாட்டி எதை ஏற்றுக்கொண்டார்?

பெற்றோர்க்குச் சில சொற்கள்

நடிகர் அஜித்குமாரின் குழு 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதைக் கண்டு நம் இளைஞர்கள் ஆர்ப்பரித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, பயிற்சியில் அவருடைய கார் சுவரில் மோதிச் சுழன்றதும், கூண்டும் பட்டையும் காத்ததால் அவர் நலமாக வெளியே வந்ததும், குழுவின் நலன் கருதி அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டதும் எத்தனை பேர் நினைவில் நிற்கின்றன? மேடையைக் காட்டும் பிள்ளைக்கு அந்த விபத்தையும் விலகலையும் காட்டுங்கள்.

மகனுக்கு வேகத்தில் நாட்டம் இருந்தால், அடித்து அடக்கப் பார்க்காதீர்கள், அடங்காது, ஒளிந்துகொள்ளும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அவனை இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவைக்கு அருகில் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ அழைத்துச் செல்லுங்கள். பந்தயத்தை மட்டும் காட்டாமல், வண்டிச் சோதனையைக் காட்டுங்கள்; கொடி பிடிக்கும் தொண்டரைக் காட்டுங்கள். அதன் பின்னும் ஆசை நின்றால், முறையான பயிற்சிப் பள்ளியில் கோ-கார்ட்டிலிருந்து தொடங்கட்டும். அல்லது ஸ்பானர் பிடிக்கட்டும். பந்தயக் குழுவில் ஸ்டியரிங் பிடிப்பவர் ஒருவர்தான். ஸ்பானர் பிடிக்கும் கைகளுக்கு வேலையும் பிழைப்பும் நாளையும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். இந்த விளையாட்டு பணத்தைத் தின்னும். டயர், பெட்ரோல், நுழைவுக் கட்டணம், விபத்துப் பழுது என்று ஓயாமல் கேட்கும். பரிசுத் தொகை அதற்கு ஈடாகாது. வட்டிக்குக் கடன் வாங்கியும், தங்கையின் நகையை அடகு வைத்தும் ஓடுவதற்கு இது ஒருபோதும் தகாது. மற்றொன்று, உங்கள் பிள்ளையின் வாகன உரிமமும் தலைக்கவசமும். தடத்தில் பட்டையின் தேதி முடிந்தால் காரை இறக்க விடுவதில்லை. உங்கள் வீட்டு வாசலில் சோதனையாளர் யாரும் இல்லை. அந்த வேலை உங்களுடையது. இன்றிரவு அவன் சாவியை எடுக்கும்போது, கதவருகே நின்று ஒரு நொடி பாருங்கள்: தலைக்கவசம் கையில் தொங்குகிறதா, தலையில் இருக்கிறதா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு பொருளுடன் சந்திப்போம்.